முதலில் நிற்கட்டும்: 1969 செவெல்லின் பிரேக் வேலை

வண்டி டிரக்கிலிருந்து இறங்கியதும் எல்லோரும் முதலில் திறப்பது பானெட்டைத்தான். நானும் அப்படித்தான் திறந்தேன். உள்ளே ஒரு வி-8 எஞ்சினைப் பார்த்த மாத்திரத்தில் கை குறுகுறுக்கும். கார்ப்ரேட்டரை மாற்றினால் என்ன கிடைக்கும், கேம் மாற்றினால் என்ன கிடைக்கும் என்று அன்றிரவே மனக்கணக்கு ஓடத் தொடங்கிவிடும். அந்தக் கணக்கைச் சில வாரம் தள்ளிவையுங்கள். பானெட்டை மூடிவிட்டு முன்சக்கரத்தைக் கழற்றுங்கள். எஞ்சினுக்குச் செலவழிக்கும் முதல் டாலருக்கு முன்னால் பிரேக் வேலை முடிந்திருக்க வேண்டும். இந்த நூலில் நான் பிடிவாதமாக நிற்கும் இடம் இது.

நாம் எடுத்துக்கொண்டிருப்பது 1969 செவர்லே செவெல் மாலிபு, இரண்டு கதவு வண்டி. அதன் அடிப்படை வி-8 எஞ்சின் 307 கன அங்குலம், 200 குதிரைத்திறன். அதற்கு மேலே 350 கன அங்குலம், நான்கு வாய்க் கார்ப்ரேட்டருடன் 300 குதிரைத்திறன். எல்லாவற்றுக்கும் மேலே எஸ்.எஸ். 396, 325 குதிரைத்திறனில் தொடங்கி 375 வரை. (இவை எஞ்சினைத் தனியே மேடையில் ஏற்றி, ஏர் ஃபில்டரும் வண்டியின் சைலன்சரும் இல்லாமல் அளந்த கணக்கு. வண்டியில் இருக்கிறபடியே அளக்கும் வழக்கம் 1972 மாடலில்தான் முழுதாக வந்தது. ஆகவே இன்றைய காரின் 300உடன் அன்றைய 300ஐ ஒப்பிட வேண்டாம்.) ஏறக்குறைய ஒன்றரை டன் எடை. இதை நிறுத்தச் சாதாரண மாலிபுவுக்குக் கொடுத்தது நான்கு சக்கரத்திலும் 9.5 அங்குல டிரம். முன்சக்கரத்துக்கு டிஸ்க் வேண்டுமென்றால் தனியாகக் காசு கொடுக்க வேண்டியிருந்தது.

டிரம் பிரேக் மோசமான பிரேக் என்று சொல்ல மாட்டேன். சரியாக அட்ஜஸ்ட் செய்த டிரம் முதல் தடவை நன்றாகவே நிறுத்தும். சிக்கல் இரண்டாவது, மூன்றாவது தடவையில் வருகிறது. சூடேறியதும் டிரம் விரிந்து ஷூவை விட்டு விலகுகிறது. லைனிங்கின் பிடிப்பும் குறைகிறது. உள்ளே மாட்டிக்கொண்ட சூடு வெளியேற வழியில்லை. மிதி தரையை நோக்கிப் போகும், வண்டி போய்க்கொண்டே இருக்கும். மலையிறக்கத்தில் ஒருமுறை எனக்கு அது நேர்ந்தது. கியரைக் குறைத்து, ஹாண்ட் பிரேக்கை இழுத்து, ஒரு வழியாக ஓரம் கட்டினேன். அந்த நிமிடத்தில் எஞ்சினில் எத்தனை குதிரை என்ற நினைப்பே வரவில்லை.

வேலை தொடங்குவதற்கு முன் ஒரு சின்ன விலகல், பிரேக்கோடு தொடர்புள்ளதுதான். உங்களுக்கு விற்றவர் இதை எஸ்.எஸ். 396 என்று சொல்லி விற்றிருந்தால் முன்சக்கரத்தைக் கழற்றும்போது கவனமாகப் பாருங்கள். 1969இல் எஸ்.எஸ். என்பது ஒரு தனி மாடலாக இல்லை. மேல்விலைக்குக் கிடைத்த ஒரு தொகுப்பு. அந்தத் தொகுப்பிலேயே பவர் டிஸ்க் பிரேக் அடங்கியிருந்தது. பழைய டிரம் தொழிற்சாலையில் பூட்டியபடியே இருக்கிறது, பூஸ்டரும் இல்லை என்றால், கிரில்லில் ஒட்டியிருக்கும் எஸ்.எஸ். எழுத்து பிற்பாடு வந்திருக்கலாம். முன் கண்ணாடிக்குக் கீழே, டாஷ்போர்டில் தெரியும் வண்டி எண் இதில் உதவாது. 13637 என்று தொடங்கினால் செவர்லே, வி-8 மாலிபு, ஸ்போர்ட் கூப். அடுத்த 9 என்பது 1969. அதற்கடுத்த எழுத்து தொழிற்சாலை, பி என்றால் பால்டிமோர், கே என்றால் கான்சஸ் சிட்டி. எஸ்.எஸ்.ஸா இல்லையா என்று அது சொல்லாது. 1966 முதல் 1968 வரை 138 என்று தொடங்கும் எண்ணே எஸ்.எஸ்.ஸுக்குச் சாட்சி; 1969இல் அந்தச் சாட்சி போய்விட்டது. காகிதம்தான் கேட்க வேண்டும். பெட்ரோல் டேங்கின் தலையிலும் சீட் ஸ்பிரிங்குகளுக்கு இடையிலும் தொழிற்சாலைக் குறிப்புத்தாள் மடங்கிக் கிடப்பதுண்டு. டேங்கை இறக்கும் நாளில் அவசரப்படாமல் தேடுங்கள். அரைகுறையாக எலி கடித்த தாளானாலும் அதற்கு மதிப்பு உண்டு.

சாதாரண மாலிபு என்று தெரிந்தால் வருத்தப்படாதீர்கள். ஆணி ஆணியாக அசல்தன்மை காக்க வேண்டிய கட்டாயம் இல்லாத வண்டியில்தான் மனசாட்சி உறுத்தாமல் மேம்பாடு செய்யலாம்.

கழற்றுவதற்கு முன்

முழு வண்டியையும் ஒரே மூச்சில் கழற்றாதீர்கள். இப்படிக் கழற்றி, பெட்டி பெட்டியாக அடுக்கி, பிறகு பெட்டிகளோடு விற்றுவிட்டுப் போன வண்டிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். என் வண்டியே அப்படி ஒருவர் கைவிட்டதுதான். ஒரு நேரத்தில் ஒரு வேலை. அது முடிந்ததும் வண்டி தன் நான்கு சக்கரத்தில் உருள வேண்டும். பிரேக்குக்குள்ளும் அப்படியே: இடப்பக்கத்தைக் கழற்றினால் வலப்பக்கத்தைத் தொடாதீர்கள். எந்த ஸ்பிரிங் எந்தப் பக்கம் கொக்கி போட்டிருந்தது என்று குழம்பும்போது, எட்டிப் பார்க்க ஒரு மாதிரி அங்கே இருக்கும். போன் கேமராவில் படம் எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் மாதிரிக்கு ஈடாகாது.

பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை. ஜாக்கியில் தூக்கியதும் சேசிஸுக்கு அடியில் ஸ்டாண்டு. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் ஒரு விரலைக்கூட நீட்டக் கூடாது. ஸ்டாண்டு வைக்கப்போகும் இடத்தைச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். நல்ல இரும்பு கணீரென்று பேசும். உள்ளே அரித்த இரும்பு தொப்பென்று அடங்கிவிடும். சாலையில் உப்புப் போடும் மாநிலத்தில் ஓடிய வண்டியென்றால் பின்சக்கரத்தைச் சுற்றி வளையும் சேசிஸ் பகுதியை இரண்டு தடவை தட்டுங்கள். அடக்கமாகச் சத்தம் வந்தால் இந்த அத்தியாயத்தை மூடிவிட்டுத் துரு அத்தியாயத்துக்குத் திரும்ப வேண்டியதுதான்.

டிரம்மைக் கழற்றியதும் உள்ளே கருப்பாகப் படிந்திருக்கும் தூளைக் காற்றடித்து ஊதாதீர்கள். அந்தக் காலத்து லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கிறது. பிரேக் கிளீனரோ சோப்புத் தண்ணீரோ தெளித்து ஈரமாக்கி, துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டிப் போடுங்கள். முகமூடி அவசியம். பிள்ளைகள் அப்போது கராஜில் இருக்க வேண்டாம்.

ஸ்பின்டில் மாற்றும் இடம்

இந்த வேலையிலேயே ஆபத்தான கட்டம் இதுதான், ஆகவே நிதானமாகச் சொல்கிறேன். டிஸ்க் மாட்ட வேண்டுமென்றால் வழக்கமாக டிரம் ஸ்பின்டிலை எடுத்துவிட்டு டிஸ்க் ஸ்பின்டில் பூட்டுவோம். அதற்கு மேல் பால் ஜாயின்ட், கீழ் பால் ஜாயின்ட் இரண்டையும் விடுவிக்க வேண்டும். மேல், கீழ் என்று இருக்கும் இரண்டு சஸ்பென்ஷன் கைகளுக்கும் (கன்ட்ரோல் ஆர்ம்) நடுவில் நின்று வண்டியின் முன்பாரத்தைத் தாங்கிக்கொண்டிருப்பது சுருள் ஸ்பிரிங். பால் ஜாயின்ட் விட்டதும் அது விரியப் பார்க்கும். தடுப்பு இல்லாமல் விரிந்தால் எலும்பு உடையும், உயிரும் போகலாம்.

கீழ்க் கைக்கு அடியில் ஜாக்கியை வைத்து ஸ்பிரிங்கை லேசாக அமுங்க வையுங்கள். வேலை முடியும்வரை அந்த ஜாக்கி அசையக் கூடாது. ஸ்பிரிங்கைச் சுற்றி ஒரு சங்கிலி போட்டுச் சேசிஸோடு கட்டுங்கள். காட்டர் பின்னை உருவி, நட்டைத் தளர்த்துங்கள், ஆனால் முழுதாகக் கழற்றாதீர்கள். நாலைந்து மரை நிற்கட்டும். பிறகு ஸ்பின்டிலில் பால் ஜாயின்ட் நுழையும் அந்தக் கண்ணின் பக்கவாட்டில் கனமான சுத்தியலால் ஓங்கி இரண்டு மூன்று அடி. டக்கென்று ஒரு சத்தம். ஜாயின்ட் அரை அங்குலம் குதித்து, நீங்கள் விட்டுவைத்த நட்டில் போய் நிற்கும். அந்த நட்டு இல்லாமல் இந்தக் குதிப்பைப் பார்க்கக் கூடாது. அதன் பிறகுதான் மெதுவாக நட்டை முழுதாகக் கழற்ற வேண்டும்.

இவ்வளவு தூரம் வந்த பிறகு பழைய பால் ஜாயின்டையே திரும்பப் பூட்டுவது வீண். புதிதாக மாற்றிவிடுங்கள். பிரேக் ஹோஸ்களும் அப்படியே. வெளியே நன்றாகத் தெரியும் பழைய ஹோஸ் உள்ளே வீங்கி, ஆயிலைப் போக விட்டுத் திரும்ப விடாது. சக்கரம் பிடித்தபடியே நிற்கும்.

காலிப்பர் வாங்கும்போது 1969இல் வந்த ஒற்றை பிஸ்டன் வகையையும் 11 அங்குல ரோட்டரையும் எடுங்கள். 1967, 1968 வண்டிகளின் நான்கு பிஸ்டன் காலிப்பர் அசல்தன்மைக்காரர்களுக்கு மட்டும். ஒற்றை பிஸ்டன் எளிது, மலிவு, எந்தக் கடையிலும் கிடைக்கும். புது ரோட்டரில் துருப்பிடிக்காமல் இருக்க எண்ணெய் பூசியிருப்பார்கள். பிரேக் கிளீனரால் நன்றாகத் துடைக்காமல் பேட் வைத்தால் பேட் பாழ். பேரிங் நட்டை ரோட்டரைச் சுற்றிக்கொண்டே 12 அடி-பவுண்டுக்கு இறுக்கி, பிறகு தளர்த்தி, விரலால் மட்டும் இறுக்கி, காட்டர் பின் போடுங்கள். சற்றே ஆட்டம் இருக்க வேண்டும். ஒரு ஆட்டமும் இல்லாத பேரிங் நூறு மைலில் வெந்துவிடும்.

சக்கரத்தைப் பூட்டிப் பாருங்கள். டிரம்முக்கென வந்த பல 14 அங்குலச் சக்கரங்கள் காலிப்பரில் உரசும். அப்படியானால் 15 அங்குல ராலி சக்கரம் போடலாம்; அந்தக் காலத்துச் சாயலும் கெடாது.

மாஸ்டர் சிலிண்டரும் பைப்பும்

1967 மாடலில் இருந்து ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளில் முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று என்று இரண்டு அறை மாஸ்டர் சிலிண்டர் வந்துவிட்டது. ஒரு பக்கம் ஒழுகினாலும் மறுபக்கம் வேலை செய்யும். ஆனால் டிரம்முக்கான மாஸ்டர் சிலிண்டரை டிஸ்க்குக்கு வைக்கக் கூடாது. டிஸ்க் பேட் தேயத் தேயக் காலிப்பருக்குள் ஆயில் இறங்கிக்கொண்டே இருக்கும். அதற்குப் பெரிய அறை வேண்டும். மேலும், டிரம்முக்கான மாஸ்டர் சிலிண்டரில் ஷூவை நெருக்கத்தில் நிறுத்த ஒரு வால்வு மிச்ச அழுத்தம் வைத்திருக்கும். அதே அழுத்தம் டிஸ்க்கில் பேடை உரச வைக்கும். கூடவே காம்பினேஷன் வால்வும் மாற்றுங்கள். முன்னே டிஸ்க்கும் பின்னே டிரம்மும் உள்ள வண்டியில் அவசரமாக மிதித்தால் பின்சக்கரம் முதலில் பூட்டிக்கொண்டு வண்டி சுழலும். அதைத் தடுப்பது அந்தச் சின்னப் பித்தளைக் கட்டிதான்.

பூஸ்டர் வைப்பதா வேண்டாமா என்பதை இப்போதே முடிவு செய்யுங்கள். பூஸ்டர் இல்லையென்றால் 1 அங்குல மாஸ்டர் சிலிண்டர். இருந்தால் 1⅛ அங்குலம். பிரேக் மிதியின் தண்டில் இரண்டு துளை இருக்கும். மேல் துளை பூஸ்டர் இல்லாததற்கு, கீழ்த் துளை பூஸ்டருக்கு. துளையை மாற்றிப் பூட்டினால் மிதி கல்லாக இருக்கும், அல்லது பட்டென்று பிடிக்கும். பூஸ்டரிலிருந்து மாஸ்டர் சிலிண்டருக்குப் போகும் கம்பியின் நீளமும் முக்கியம். நீண்டுவிட்டால் மிதியை விட்ட பிறகும் பிரேக் விடாது. சில மைல் ஓடியதும் சூடேறித் தானே பூட்டிக்கொள்ளும்.

பழைய இரும்புப் பைப்புகளை நம்பாதீர்கள். செம்பு-நிக்கல் கலந்த 3/16 அங்குலப் பைப் கையாலேயே வளையும், துருப்பிடிக்காது. முனையை 45 டிகிரியில் இரட்டை மடிப்பாக ஃபிளேர் செய்ய வேண்டும். ஒற்றை மடிப்பு பிரேக் அழுத்தத்தில் பிளக்கும். ஃபிளேர் செய்வதற்கு முன் நட்டைப் பைப்பில் கோத்தாயிற்றா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். ஒட்டுப்போட வெறும் கம்ப்ரஷன் இணைப்பைப் பயன்படுத்தவே கூடாது.

டாட் 3 அல்லது டாட் 4 பிரேக் ஆயில் போதும். இரண்டும் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். புது டாட் 3 குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பின் அது 140 வரை இறங்கலாம். திறந்து பாதி வைத்த டப்பாவை அடுத்த ஆண்டு எடுத்து ஊற்றாதீர்கள். பெயின்டில் ஒரு சொட்டு விழுந்தாலும் உடனே தண்ணீர் ஊற்றுங்கள், அரித்துவிடும்.

ஏர் எடுப்பது

மாஸ்டர் சிலிண்டரை வைஸில் மாட்டி முதலில் அதில் மட்டும் ஏர் எடுத்துவிட்டுத்தான் வண்டியில் பூட்ட வேண்டும். பிறகு சக்கரங்கள்: வலது பின், இடது பின், வலது முன், இடது முன், தூரத்திலிருந்து பக்கத்துக்கு. இதற்கு இரண்டு பேர் வேண்டும். என் வண்டியில் மிதியில் உட்கார்ந்தவள் என் மகள்.

“அமுக்கும்மா.”

“அமுக்கிட்டேன்.”

“அப்படியே பிடி, விடாதே.” நிப்பிளைக் கால் சுற்றுத் திறந்தால் தெளிந்த குழாயில் குமிழி குமிழியாக ஆயில் வரும். “இறங்குதுப்பா” என்பாள். நிப்பிளை மூடிய பிறகுதான் “விடு.” மூடுவதற்கு முன் அவள் காலை எடுத்தால் வெளியே வந்த காற்று திரும்ப உள்ளே போய்விடும்.

அன்று இரண்டு மணி நேரம் ஏர் எடுத்தும் மிதி பஞ்சாகவே இருந்தது. ஒரு டப்பா ஆயில் தீர்ந்தது. மகள் வெளியே வந்து, சக்கரத்துக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, “இந்த நிப்பிள் ஏன்ப்பா கீழே இருக்கு?” என்று கேட்டாள். இடது காலிப்பரை வலப்பக்கமும் வலதை இடப்பக்கமும் பூட்டியிருந்தேன். இரண்டும் அப்படியே சரியாகப் பொருந்தும், போல்ட் மறுக்காது. ஆனால் நிப்பிள் கீழே போய்விடும், காற்று மேலேதான் தங்கும், நாள் முழுக்க எடுத்தாலும் வராது. நிப்பிள் காலிப்பரின் உச்சியில் இருக்கிறதா என்பதை ஏர் எடுக்கும் முன்பே பாருங்கள். மாற்றிப் பூட்டிய இருபதாவது நிமிடம் மிதி பாதியில் கெட்டியாக நின்றது.

இரவு வண்டிக்கு அடியில் பெரிய அட்டைகளை விரித்து, மிதியை இரண்டு நிமிடம் பலமாக அமுக்கிப் பிடித்துவிட்டு விடுங்கள். காலையில் அட்டை காய்ந்திருந்தால் வீல் அலைன்மென்டுக்குப் போகலாம். அங்கே ரேடியல் டயர் என்று சொல்லி நேர்மறை காஸ்டர் வைக்கச் சொல்லுங்கள். 1969 புத்தகத்தின் எண்கள் அந்தக் கால டயருக்கு எழுதியவை. பிறகு காலியான பார்க்கிங்கில் 30 மைலிலிருந்து 5 மைலுக்குப் பத்துத் தடவை மிதமாக மிதித்து, நடுநடுவே ஆற விட்டுப் பேடைப் பழக்குங்கள். பழகும்வரை நெடுஞ்சாலை வேண்டாம்.

இப்போது எஞ்சின்

இனி பானெட்டைத் திறக்கலாம். ஆனால் எஞ்சினுக்கு முன் கியர்பாக்ஸைப் பற்றி யோசியுங்கள். மூன்று கியர் ஆட்டோமேட்டிக்கும் 3.31 விகித அச்சும் 26 அங்குல டயரும் உள்ள வண்டி 70 மைல் வேகத்தில் ஏறக்குறைய 3,000 சுற்றில் அலறும். நான்காவது கியரில் 0.67 விகிதம் உள்ள 200-4ஆர் பெட்டியைப் பூட்டினால் அதே வேகத்தில் 2,000 சுற்று. வண்டியில் உட்கார்ந்து பேசலாம், பெட்ரோலும் மிச்சம். அதன் த்ராட்டில் கேபிளை மட்டும் துல்லியமாக அட்ஜஸ்ட் செய்யுங்கள். தவறினால் பெட்டி சில மைலிலேயே எரிந்துவிடும்.

எஞ்சினை ரீபோருக்கு அனுப்பினால், பிளாக்கின் முன்னால் வலது ஹெட்டுக்குக் கீழே இருக்கும் சின்னத் தளத்தைப் படம் எடுத்துவையுங்கள். தொழிற்சாலைத் தேதியும் வண்டி எண்ணின் ஒரு பகுதியும் அதில் பொறித்திருக்கும். பிளாக்கின் முகத்தைச் சமன் செய்யும் இயந்திரம் அதையும் வழித்துவிடும். தொடக் கூடாதென்று எழுதி ஒட்டியே அனுப்புங்கள். அந்த எழுத்துப் போனால் எந்தப் பணத்துக்கும் திரும்பாது.

கேம் மாற்றினால், பழைய வகை லிஃப்டருக்கு துத்தநாகம் அதிகமுள்ள ஆயில் வேண்டும். எஞ்சின் பற்றியதும் ஐடிலில் விடாமல், 2,000 சுற்றுக்கு மேலே ஏற்றி இறக்கி, இருபது நிமிடம் ஓட விடுங்கள். இல்லையென்றால் கேம் முனைகள் மழுங்கிவிடும். கேமைத் தேர்ந்தெடுக்கும்போது அதன் முரட்டு ஐடில் சத்தத்தில் மயங்காதீர்கள். பூஸ்டருக்கு 18 அங்குலம் அளவில் வாக்குவம் வேண்டும். பெரிய கேம் ஐடிலில் 10, 12 அங்குலம்தான் தரும். நீங்கள் இவ்வளவு பாடுபட்டு வைத்த டிஸ்க் அன்றைக்கு இரும்பு மிதியாகிவிடும்.

ஆகவே புதுக் கேமோடு முதல் முறை தெருவில் இறங்கும் முன் இதைச் செய்யுங்கள். எஞ்சினை அணைத்து, மிதியை ஐந்தாறு தடவை அமுக்கி, பூஸ்டரில் தங்கிய வாக்குவத்தைத் தீர்த்துவிடுங்கள். காலை அழுத்தியபடியே எஞ்சினைப் பற்ற வையுங்கள். காலுக்கு அடியில் மிதி லேசாகக் கீழே இறங்க வேண்டும். இறங்காவிட்டால் வண்டியைக் கராஜிலேயே விட்டுவிட்டு, வாக்குவம் மீட்டரை எடுங்கள்.